முத்தெடுத்த பின் முறிவு

1802 ஜனவரி 1ஆம் தேதி இலங்கை சென்னையை விட்டு முழுதாகப் பிரிந்தது. இலங்கையிடம் யாரும் கேட்கவில்லை. வாக்குப்பெட்டி வைக்கவில்லை, மேடை போடவில்லை, பிரிந்தால் வாரத்துக்கு இத்தனை கோடி மிச்சம் என்று பஸ்ஸில் எழுதி ஊர் ஊராக ஓட்டவும் இல்லை. அந்தக் கூத்தெல்லாம் பிரித்தானியர் தங்களுக்கென்று பத்திரமாக வைத்திருந்து 2016இல் ஆடினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போவதா இருப்பதா என்று வாக்கெடுத்து, 52க்கு 48 என்று முடிவு வந்து, அதற்குப் பிறகும் மூன்றரை வருடம் வாசற்படியில் நின்று சண்டை பிடித்து, 2020 ஜனவரி 31ஆம் தேதிதான் படியிறங்கினார்கள். இதே ஆட்கள் 1802இல் ஒரு முழுத் தீவை ஓர் ஒன்றியத்திலிருந்து கழற்றியபோது லண்டனில் நாலைந்து கனவான்கள் தலையாட்டினார்கள், வேலை முடிந்தது. சொந்த வீட்டுக்கு ஒரு நியாயம், பிடித்த வீட்டுக்கு ஒரு நியாயம்.

பிரிந்ததால் இலங்கைக்கு லாபமா நட்டமா? கொழும்பில் கேட்டால் ஒரு பதில் வரும், சென்னையில் கேட்டால் வேறு பதில் வரும். மன்னாரில் கேட்டால், எந்தப் பிரிவைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கே அது அவ்வளவு வழக்கமான சங்கதி. சேர்க்கிறவன் கடல்வழியாக வந்து முதலில் இறங்குவது மன்னாரில். பிரிக்கிறவன் கதவை அடைப்பதும் மன்னாரில். வந்தவர்களில் பேச்சு மாறாமல் தங்கிவிட்டவை இரண்டுதான்: அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரமும், அவர்களோடு வந்ததாகச் சொல்லப்படும் கழுதையும்.

நல்லூரை விட்டுக் கோவாவுக்கு

மன்னாரின் முதற் பெரிய வெளியேற்றம் 1544இல் தொடங்கியது. பட்டிம் என்ற ஊரின் கடற்கரை மக்கள், அப்போது தூத்துக்குடிக் கரையில் வேதம் போதித்துக்கொண்டிருந்த பிரான்சிஸ் சவேரியாருக்கு ஆளனுப்பினார்கள். அவர் தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பொறுத்தவரை அது ஆன்மாவின் காரியம். நல்லூரில் இருந்த யாழ்ப்பாண மன்னன் சங்கிலியைப் பொறுத்தவரை, முத்தும் சங்கும் விளையும் ஒரு கரை பறங்கியரின் பக்கம் சாய்கிறது என்ற இறைவரிக் காரியம். மன்னன் படையோடு வந்தான். 600 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். தோட்டவெளியில் அவர்கள் நினைவாக ஆலயம் இருக்கிறது. அந்த இடத்தில் பகிடிக்கு இடமில்லை.

பகிடி 1560இல் வருகிறது. கோவாவிலிருந்து போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா பெரிய கப்பற்படையோடு யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வந்தார். நல்லூர் வரை போனார், நிலைக்க முடியவில்லை. வெறுங்கையோடு கோவாவுக்குத் திரும்பினால் மானம் போகும். எனவே திரும்பும் வழியில் மன்னாரைப் பிடித்து, ஒரு கோட்டையைக் கட்டி, கணக்கை நேராக்கினார். புன்னைக்காயலில் இருந்த போர்த்துக்கேயரையும் பரதவரில் ஒரு பகுதியினரையும் அங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். மன்னார் இப்படித்தான் யாழ்ப்பாண அரசிலிருந்து வெளியேறியது: இன்னொரு போரின் ஆறுதல் பரிசாக.

லாபம்? நல்லூர் வரி கேட்டது நின்றது. கோவா வரி கேட்கத் தொடங்கியது. கோபம்? அதுவும் நீடிக்கவில்லை. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தையும் விழுங்கியதும், பிரிந்து போன தீவும் பிரிய விடாத அரசும் ஒரே எசமானுக்குக் கும்பிடு போட்டன. 1658இல் ஒல்லாந்தர் வந்து இருவரையும் அந்த எசமானிடமிருந்து மீட்டுத் தங்களுக்குக் கும்பிடு போடவைத்தார்கள்.

பாலாடைக்கட்டியால் வந்த ஒன்றியம்

இனிச் சென்னையோடு சேர்ந்த கதை. 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் புகுந்தது. அந்நாட்டின் தலைவர் ஐந்தாம் வில்லியம் மீன்பிடிப் படகில் ஏறி இங்கிலாந்துக்கு ஓடினார். அங்கே கியூ என்ற ஊரில் விருந்தாளியாக உட்கார்ந்துகொண்டு, கிழக்கே இருந்த தன் அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார்: நமது கோட்டைகளை நண்பர்களான ஆங்கிலேயரிடம் ஒப்படையுங்கள், பிரெஞ்சுக்காரன் பிடித்துவிடாமல் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற கருத்தில். சாப்பாடு போடுகிற வீட்டில் இருந்துகொண்டு வேறெப்படி எழுத முடியும்?

கடிதம் போதாது என்று ஆங்கிலேயருக்குத் தெரியும். கொழும்பைக் காத்து நின்றது டி மெயூரோன் என்ற சுவிஸ் குடும்பத்தின் கூலிப்படை. சென்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹியூ கிளெகோர்ன் சுவிட்சர்லாந்துக்கே போய்ப் படையின் உரிமையாளர் சார்ல்ஸ் டி மெயூரோனைப் பிடித்து, ஒல்லாந்தர் சம்பளத்திலிருந்து ஆங்கிலேயர் சம்பளத்துக்கு மாறச் சம்மதிக்க வைத்தார். கொழும்பில் இருந்த தம்பி பியர் பிரெடெரிக்குக்கு அந்தச் செய்தி ஒரு டச்சுப் பாலாடைக்கட்டிக்குள் ஒளித்து அனுப்பப்பட்டது என்பது புகழ்பெற்ற கதை. பேராசிரியர்கள் அரசியலில் இறங்கினால் எதையும் வீணாக்கமாட்டார்கள்.

திருகோணமலை ஓகஸ்டில் விழுந்தது, யாழ்ப்பாணம் செப்டெம்பரில், மன்னார் ஒக்டோபரில். 1796 பெப்ரவரியில் கொழும்பும் கைமாறியது. பிடித்தது சென்னையிலிருந்து வந்த கிழக்கிந்தியக் கும்பினிப் படை. எனவே ஒல்லாந்தர் வசமிருந்த கரையோர இலங்கை சென்னை ஆளுநர் ஹோபார்ட் பிரபுவின் காலடியில் வந்து சேர்ந்தது. ஒரே ஆட்சி, ஒரே கும்பினி, நடுவில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 30 கிலோமீற்றர் அளவுக்கு மணல்திட்டும் தண்ணீரும். பொருளாதார ஒன்றியம் என்றால் இதற்குமேல் என்ன வேண்டும்?

மோகம் முப்பது நாள்

சென்னைக்கு இலங்கை மேல் வந்த மோகத்துக்குக் காரணம் கறுவா, திருகோணமலைத் துறைமுகம், இவற்றோடு மன்னார்க் கடலின் அடியில் கிடந்த சிப்பி. ஆற்காட்டு நவாப்புக்கும் ஒல்லாந்தருக்கும் இருந்த பங்குத் தகராறில், 1768க்குப் பிறகு இந்தப் பக்கம் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. எசமான்கள் சண்டை பிடித்த காலத்தில் சிப்பிகள் தலைமுறை தலைமுறையாகக் கடலடிப் பார்களில் பெருகிக் கிடந்தன. கும்பினி 1796இல் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டது. அள்ளியது. 1797இல் இன்னும் அள்ளியது. 1798இலும் அள்ளியது.

முத்துச்சலாபம் என்றால் வெறும் கரை ஒரு மாதத்துக்கு நகரமாவது. அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டிப் பக்கத்து வெறுமணலில் ஓலைக்குடில்கள் எழும். கீழக்கரை, தூத்துக்குடிக் குளியாட்கள், மலையாளக் கரையிலிருந்து ஆட்கள், அரபுகள், செட்டிகள், மரைக்காயர்கள், வட்டிக்காரர், சாமியார், திருடர் எல்லோரும் வந்து சேர்வார்கள். நள்ளிரவில் கரைக்காற்றோடு தோணிகள் புறப்படும். விடிந்ததும் சமிக்ஞை கிடைத்தால் குளியாள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். ஒரு நிமிடம், கொஞ்சம் கூடலாம், குறையலாம். மத்தியானம் கடற்காற்று திரும்பியதும் தோணிகளும் திரும்பும். பிறகு சிப்பியைக் கொட்டுகளில் போட்டு அழுக விடுவார்கள். ஈயும் புழுவும் சதையைத் தின்று முடித்ததும் மிச்சத்தைக் கழுவினால் முத்து. உலகத்து மகாராணிகளின் கழுத்தில் கிடந்தது இந்த நாற்றத்திலிருந்து வந்ததுதான்.

இத்தனைக்கும் மேலே ஓர் அதிகாரி உண்டு: கடல்கட்டி. கரையில் நின்று மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் பொறுப்பு. அவர் கட்டாமல் ஒரு குளியாளும் இறங்கமாட்டார். ஆங்கிலேயர் மந்திரத்தை நம்பவில்லை. ஆனால் குளியாள் இறங்காவிட்டால் காசு வராது என்பதை வேதம்போல் நம்பினார்கள். எனவே பகுத்தறிவு மிக்க கும்பினி கடல்கட்டிக்கு உரிய பங்கை ஒதுக்கியது. ஒன்றியத்தில் எல்லோருக்கும் வேலை போகலாம், வரலாம். கடல்கட்டியை மட்டும் கும்பினி தொடவில்லை.

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். சலாபம் ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய அந்த முப்பது நாள்தான். மூன்று பருவம் வழித்தெடுத்ததும் 1799இல் பார்கள் மெலிந்துபோயின. மோகமும் தீர்ந்தது.

தென்னைக்கு ஒரு பணம்

கடலில் சிப்பியை வழித்துக்கொண்டிருந்தபோதே தரையில் குடிமக்களை வழிக்க ஆளனுப்பியிருந்தார்கள். ராபர்ட் அண்ட்ரூஸ் என்ற சென்னை அதிகாரி இறைவரிக்குப் பொறுப்பாக வந்தார். சென்னைப் பக்கத்து நடைமுறையையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்: அமில்தார்கள், துபாசிகள், குத்தகைக்கு விடும் வரிகள். உள்ளூர்த் தலைமைக்காரரான முதலியார்களை ஓரமாக உட்கார வைத்தார். இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் இனி வேண்டாம், பதிலுக்கு வரி கட்டுங்கள் என்றார். ஒவ்வொரு தென்னை மரத்துக்கும் ஆண்டுக்கு ஒரு பணம்.

நிலத்துக்கு வரி கேட்டால் மனிதன் முணுமுணுப்பான். தலைக்கு வரி கேட்டால் ஒளிவான். தென்னைக்கு வரி கேட்டால் இலங்கையில் அடிதான் விழும். 1797 முடிவதற்குள் கரையோரப் பகுதிகளில் கலகம் வெடித்தது. பதவி போன முதலியார்கள் எண்ணெய் ஊற்றினார்கள். அந்த எண்ணெய்க்கு அப்போது வரியில்லை. கும்பினி படை அனுப்பியது, பிறகு விசாரணைக் குழுவும் அனுப்பியது. குழுவுக்குத் தலைவர் யார்? பாலாடைக்கட்டிக் கடிதத்தைப் பெற்ற அதே தம்பி, பிரிகேடியர் பியர் பிரெடெரிக் டி மெயூரோன். ஒல்லாந்தருக்குச் சேவகம் செய்த சுவிஸ்காரர் ஆங்கிலேயரின் தமிழ் அமில்தார்கள் சிங்களக் கிராமங்களில் வாங்கிய வரியை விசாரித்தார். இதைவிடச் சிறந்த சர்வதேச விசாரணை இந்தத் தீவுக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

குழு நேர்மையாகவே சொன்னது: சென்னை முறை இங்கே சரிவராது, பழையபடி விடுங்கள். தென்னை வரி போனது. அமில்தார்கள் போனார்கள். முதலியார்கள் திரும்பி வந்தார்கள். ஊர் கொண்டாடியது.

கொண்டாட்டத்தில் ஒன்று கவனிக்கப்படாமல் போயிற்று. அமில்தாரோடு சேர்ந்து, கட்டாய ஊழியத்தை ஒழிக்கும் திட்டமும் போனது. தென்னைக்கு ஒரு பணம் கட்டமாட்டேன் என்று வென்ற குடியானவன் முதலியாரின் உத்தரவுக்குக் கூலியில்லாமல் தெருப்போடத் திரும்பிப் போனான். இராசகாரியத்தைக் கடைசியாக ஒழிக்கக் கோல்புறூக் குழு வந்து 1832 ஆகவேண்டியிருந்தது. முப்பத்தைந்து வருட இடைவெளி. கொடுமையான ஒன்றியம் ஒரு நல்ல காரியத்தைக் கொடுமையாகச் செய்யப் பார்த்தது. அதை எதிர்த்த சுதந்திரம் ஒரு கெட்ட காரியத்தை அன்போடு காப்பாற்றியது. வெற்றி யாருக்கு என்று முதலியாரைக் கேட்டால் சரியாகச் சொல்லியிருப்பார்.

அமெரிக்காவைத் தொலைத்தவரின் மகன்

லண்டன் யோசித்தது. கும்பினியிடம் விட்டால் தீவு எரியும். அரசே எடுத்தால் செலவு எரிக்கும். நடுவழியாக 1798இல் இரட்டை ஆட்சி: தேசாதிபதியை முடி நியமிக்கும், வியாபாரம் கும்பினிக்கு, மேலே கல்கத்தாவின் கண்காணிப்பு. இரண்டு எசமானுக்கு ஒருவன் ஊழியம் செய்ய முடியாது என்று வேதத்தில் படித்தவர்கள்தான் இதை வகுத்தார்கள்.

ஒக்டோபரில் வந்திறங்கிய தேசாதிபதி பிரெடெரிக் நோர்த். இவருடைய தந்தை நோர்த் பிரபு பிரதமராக இருந்தபோதுதான் பிரித்தானியா அமெரிக்காவின் 13 குடியேற்றங்களைத் தொலைக்கத் தொடங்கியது. தந்தை பிரிவினையைத் தடுக்கப் போய் ஒரு கண்டத்தை இழந்தார். மகனுக்குக் கொடுத்த வேலை நேர்மாறு: ஒரு தீவைப் பிரித்தெடுத்து வைத்துக்கொள்வது. குடும்பத்தில் ஒருவராவது பிரிவினையில் வெற்றி பெறட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

நோர்த் வந்தபோது சென்னை அதிகாரிகள் இன்னும் நாற்காலிகளில் இருந்தார்கள். அவர் சொல்வதைக் கேட்பதாக அவர்களுக்கு எண்ணமில்லை. மல்லுக்கட்டி அவர்களை ஒவ்வொருவராகக் கப்பலேற்றினார். இதற்கிடையே தலைமைச் செயலாளராக வந்திருந்தவர் யார் தெரியுமா? பேராசிரியர் கிளெகோர்ன். முத்துக்குளிப்பு விவகாரத்தில் தேசாதிபதியோடு முறிந்து, 1800இல் அவரும் ஊர் திரும்பினார். பாலாடைக்கட்டியால் வந்த தீவில் சிப்பி அவர் பதவியைத் தின்றது.

1802இல் பிரிவு முழுமையானது. அதே ஆண்டு ஆமியன் உடன்படிக்கையில் ஒல்லாந்தர் இலங்கையை எழுதியே கொடுத்துவிட்டார்கள். இலங்கை இனி முடிக்குரிய குடியேற்ற நாடு. சென்னைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பிரிவின் கணக்கைக் கொஞ்சம் கிட்டப் பிடித்துப் பாருங்கள். தீவின் மிக மதிப்புள்ள சரக்கான கறுவாவின் ஏற்றுமதி கும்பினியிடமே இருந்தது: ஆண்டுக்கு 4 இலட்சம் இறாத்தல், விலை 60,000 பவுண். லண்டனில் இலங்கைக்குப் பொறுப்பான அமைச்சர் யார்? சென்னையிலிருந்து தென்னை வரிக் காலத்தில் தீவை ஆண்ட அதே ஹோபார்ட் பிரபு, பதவி உயர்வு பெற்று உட்கார்ந்திருந்தார். இலங்கை சென்னையை விட்டு வெளியேறியது. ஹோபார்ட்டை விட்டு வெளியேற முடியவில்லை.

மன்னார்ப் பக்கம்? அரிப்புக் கடற்கரை மேட்டில் நோர்த் தனக்கொரு மாளிகை எழுப்பினார், முத்துப் பருவத்தில் வந்து தங்க. மனிதருக்குக் கிரேக்கப் பித்து. கிரேக்கத் திருச்சபையில் இரகசியமாகச் சேர்ந்தவர். பிற்காலத்தில் கோர்ஃபு தீவில் ஒரு கல்விக்கழகமே நிறுவியவர். எனவே சுற்றிலும் அழுகும் சிப்பி நாறும் மணலில் டோரிக் தூண்களோடு ஒரு வீடு, செங்கல்லால், முத்துச்சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு பூசி. ஏதென்சுக்கும் அரிப்புக்கும் இருந்த ஒரே உறவு அது. ஊர் மக்கள் அந்த வீட்டை என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நோர்த்தின் பெயரை அழித்துவிட்டு, அல்லிராணிக் கோட்டை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆண்வாடையே ஆகாது என்று தனியே ஆண்டு, எந்த இணைப்புக்கும் சம்மதிக்காமல், கடைசியில் அர்ச்சுனனின் சூழ்ச்சியால் தாலி ஏறிய கதைராணி அல்லி. இலங்கையைச் சென்னையிலிருந்து பிரித்தவரின் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உரிமையாளரைக் கச்சேரியில் தேடினாலும் கிடைக்காது. இப்போது கடல் அந்த மேட்டை அரித்து, வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருக்கிறது.

பிரிந்த பிறகு வந்த ஆட்கள்

பிரிந்த அடுத்த வருடமே நோர்த் கண்டிமேல் படையெடுத்தார். 1803 ஜூனில் அங்கே விட்டுவந்த மேஜர் டேவியின் படை அழிந்தது. படை வேண்டும் என்று இந்தியாவுக்குக் கடிதம் போனது. இலங்கையைப் பிரிக்கக் கூடாது என்று வாதாடிய வெல்லஸ்லி பிரபு அங்கே மராட்டியரோடு சண்டைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். பிரிந்து போனவனுக்குப் பக்கத்து வீட்டில் எப்போதும் ஏதாவது விசேஷம் நடக்கும்.

முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில் முன்போலவே கீழக்கரைத் தோணிகள் வந்தன, தூத்துக்குடிக் குளியாட்கள் இறங்கினார்கள், சென்னைப் பக்கத்துக் காசு புழங்கியது, அக்கரை அரிசி வெந்தது. ஆட்சி பிரிந்தது என்று அரிசிக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு கோப்பி வந்தது. 1830கள் தொடங்கி மலைநாட்டில் தோட்டங்கள் பெருகின, கைகள் இல்லை. எங்கே கிடைக்கும்? விட்டுவந்த சென்னை மாகாணத்தில். இராமேஸ்வரத்தில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, கங்காணிக்குப் பின்னால் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் காட்டுவழியே நடந்தார்கள். வாந்திபேதியிலும் பட்டினியிலும் வழியில் விழுந்தவர்களை எவரும் ஒழுங்காக எண்ணவில்லை. சென்னை நிர்வாகம் வேண்டாம் என்று வெளியேறிய தீவு, முப்பது நாற்பது வருடத்துக்குள் சென்னையின் ஏழைகள் இல்லாமல் ஒரு மூட்டை கோப்பி அனுப்ப முடியாத நிலைக்கு வந்தது. அதிகாரிகளைத் திருப்பி அனுப்புவது சுலபம். அவர்கள் செய்த வேலையை யாரும் தேடமாட்டார்கள். கூலியாளை அனுப்பிவிட்டால் அன்றே தெரிந்துவிடும்.

அதனால் ஒன்றியம் பின்கதவால் திரும்பி வந்தது. 1869இல் இந்திய ரூபாய் இலங்கையின் சட்டபூர்வ நாணயம் ஆனது. 1872இல் அதை நூறு சதமாகப் பிரித்துத் தன்னுடையதுபோல ஆக்கிக்கொண்டார்கள். ஆனாலும் கயிறு இந்தியாவின் ரூபாயில்தான் கட்டியிருந்தது. 1914 மார்ச்சில் தலைமன்னார்த் துறைக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கப்பல் ஓடத் தொடங்கியது. கொழும்பில் ஒரு சீட்டு வாங்கினால் எழும்பூரில் இறங்கலாம். மன்னார் வாழ்க்கையிலேயே முதல்தடவையாக, பிடிக்கப்படாமல் கடந்து செல்லப்பட்டது.

இதற்குள் சென்னையின் மோகத்துக்குக் காரணமான முத்தும் போய்விட்டது. 1905இல் வரலாறு காணாத அறுவடை. இலண்டனில் ஒரு கம்பெனி மயங்கி, 1906இல் பார்களை 20 வருடத்துக்குக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக்கு 310,000 ரூபாய். சிப்பிகள் சீக்கிரமே காணாமற்போயின. 1912இல் கம்பெனி மூடப்பட்டது. மன்னார்ச் சிப்பி யாருடைய மூலதனத்தையும் மதித்ததில்லை.

மூன்றாம் தடவை

1948இல் சுதந்திரம் வந்தது. அதே வருடம் குடியுரிமைச் சட்டமும் வந்து, நூறு வருடத்துக்குமேல் மலையில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1950 ஓகஸ்டில் மத்திய வங்கி திறந்து, இந்திய ரூபாயோடு கட்டியிருந்த கயிற்றை அறுத்தார்கள். அதற்கு முதல் ஆளுநராக ஜோன் எக்ஸ்டர் என்ற அமெரிக்கர். இறைமை என்றால் அப்படித்தான். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: அந்த நாடற்றவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சப்பேரைப் பிறகு பார்க்கலாம். டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆட்களைப் பங்கிட்டு இரண்டு மாதத்தில் இறங்குதுறையே இல்லை. இராமேஸ்வரத்துக்குக் கப்பலை மாற்றி அனுப்பினார்கள். முன்னோர் நடந்து வந்த கரைவழியே பேரர்கள் தகரப்பெட்டியோடு திரும்பிப் போனார்கள். போரோடு 1980களில் அந்தக் கப்பலும் நின்றது.

போர்க்காலத்துப் பிரிவுகளைப் பற்றி இந்தத் தொனியில் எழுத மாட்டேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் எருக்கலம்பிட்டி முதலான ஊர்களின் முஸ்லிம் மக்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவில் இருந்தவர்கள் கடல்வழியே கற்பிட்டிக்குப் போனார்கள். ஒரு நிலத்தைத் தனியாக்குவோம் என்று புறப்படுகிறவர்கள் அதற்குள்ளே இருக்கும் மனிதர்களைப் பிரிப்பதில்தான் முதலில் தேர்ச்சி பெறுகிறார்கள் என்பதற்கு, மன்னார் விரும்பாமல் கொடுத்த சாட்சி அது.

கணக்குத் தீர்ப்பு

அப்படியானால் பிரிவதே நட்டமா? அதுவும் இல்லை. 1974, 1976 ஒப்பந்தங்கள் பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் எல்லைக்கோடு கிழித்தன. அந்தக் கோட்டைத் தாண்டி இழுவைமடிப் படகுகள் வந்து கடலடியை வழித்துக்கொண்டு போகும் இரவுகளில், பேசாலைச் சம்மாட்டியைக் கேளுங்கள். எல்லை வேண்டும் என்பார். இன்னும் தடித்த கோடாகக் கீறுங்கள் என்பார். தமிழும் ஒன்று, வேதமும் ஒன்று, அந்தோனியாரும் ஒருவர்; மீன் மட்டும் வேறு வேறு. சென்னையின் தென்னை வரியிலிருந்து தப்பியதும் உண்மையான ஆதாயம்தான். தூரத்து அலுவலகம் ஒன்று மரத்தை எண்ணி மனிதனை மறக்கும்போது, விலகுவது நியாயம்.

ஆனால் நானூற்றைம்பது வருடத்துப் பேரேட்டைப் புரட்டினால் ஒரே ஒழுங்கு தெரிகிறது. பிரிவின் வரவு தலைநகரில் எழுதப்படும். செலவு கரையில் எழுதப்படும். 1560இல் கோவாவுக்குக் கோட்டை, 1802இல் கொழும்புக்குத் தேசாதிபதி, முதலியாருக்குப் பழைய மரியாதை, கும்பினிக்குக் கறுவா, 1950இல் இறைமைக்கு ஒரு வங்கி. மன்னாருக்கு ஒவ்வொரு தடவையும் கிடைத்தது பூட்டிய கதவைக் காவல் காக்கும் வேலை. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய எவரும் ஒன்றியத்தின் தேவையை விட்டு வெளியேறியதில்லை. 2022இல் எரிபொருள் வரிசையில் நாடே நின்றபோது இந்தியாவின் கடனுதவியில்தான் கப்பல்கள் வந்தன. அந்த ஆண்டு மார்ச்சில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குடும்பங்கள் இரவில் படகேறித் தனுஷ்கோடி மணலில் இறங்கின. அறுத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கரை ஏறினார்கள்.

2015இல் தலைமன்னார்வரை ரயில் திரும்பி வந்தது. கொடியசைக்க இந்தியப் பிரதமரே வந்தார். 2023 ஒக்டோபரில் இரண்டு நாட்டுக்கும் நடுவே பயணிகள் கப்பலும் திரும்பி வந்தது, நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு. கிட்டின வழியில் 30 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் தலைமன்னார் அந்தக் கப்பலையும் செய்தியில்தான் பார்த்தது. ரயில் துறைவரை வருகிறது, அதற்கு மேல் தண்ணீர். பாலம் கட்டலாமா என்று இரண்டு தலைநகரங்களும் ஆராய்ந்தன. பாலம் வந்தால் நாடு பறிபோய்விடுமே என்று இன்னும் சிலர் கவலைப்படுகிறார்கள்.

ஒரு நாடு ஒன்றியத்தை விட்டு வெளியேறலாமா என்று இனி எந்த நிபுணராவது ஆராய வந்தால், மன்னாருக்கு வரட்டும். இங்கே எல்லோருக்கும் பதில் தெரியும். மறுப்பும் சொல்லமாட்டோம். ஒரே ஒரு நிபந்தனை: முதலில் கப்பலை விடுங்கள். இணைப்பே இல்லாதவன் எதிலிருந்து ஐயா பிரிவது?